கையில் கட்டிவரும் இயங்குதளத்துக்கு ஒரு வரிசை ஒதுக்குங்கள்

கல்லூரிக் கணினி ஆய்வகங்களின் பொறுப்பாளர்களுக்கு,



உங்கள் மேசை இழுப்பறையில் என்னென்ன கிடக்கும் என்று ஓரளவுக்கு என்னால் சொல்ல முடியும். மதர்போர்டிலிருந்து கழற்றிய சிமாஸ் பேட்டரிகள், ஒரு கிரிம்பிங் டூல், ஆர்.ஜே. 45 முனைகள் ஒரு கைப்பிடி, அப்புறம் யாரும் கேட்டு வராத பென்டிரைவ்கள். மாலையில் லேபைப் பூட்டப் போகும்போது ஏதோ ஒரு சிபியூவில் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். பிடுங்கிவந்து இழுப்பறையில் போடுவீர்கள். ஒரு மாணவரின் புராஜெக்ட், ரெக்கார்டுக்கான புரோகிராம்கள், அக்கா கல்யாண வீடியோ எல்லாம் அதற்குள்தான் இருக்கும். ஆனாலும் அவர் வந்து கேட்கமாட்டார். லேபுக்குள் பென்டிரைவ் கொண்டுவரக் கூடாது என்று கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறதே, தடைசெய்த பொருளைத் தொலைத்துவிட்டேன் என்று யாரிடம் போய்ச் சொல்வார்?

அந்தப் பென்டிரைவை இப்போது மணிக்கட்டில் கட்டும் பட்டையாகவும் விற்கிறார்கள். சிலிக்கோன் ரப்பர் பட்டை. ஒரு முனையில் யு.எஸ்.பி. பிளக், மறுமுனையில் அது போய்ப் பொருந்தும் உறை. கம்பெனிகள் தங்கள் பெயரை அச்சடித்து விழாக்களில் இலவசமாகத் தருவதும் இதைத்தான். பாட்டும் பி.டி.எஃபும் ஏற்றி வைப்பதற்காக இதைப் பற்றி உங்களுக்கு மடல் எழுத வேண்டியதில்லை. இதற்குள் ஒரு முழு இயங்குதளத்தையே ஏற்றி, உங்கள் லேபில் உள்ள கணினியை இந்தப் பட்டையிலிருந்தே பூட் செய்யலாம். மாணவர் தன்னுடைய கம்பைலரோடும் விசைப்பலகை அமைப்போடும் கோப்புகளோடும் வந்து உட்காருவார். எழும்போது எல்லாவற்றையும் கையில் கட்டிக்கொண்டு போவார். மறுநாள் வேறு கணினியில் உட்கார்ந்தாலும் அதே திரைதான் வரும். அதற்கு உங்கள் அனுமதி வேண்டும். லேப் முழுவதற்கும் கேட்கவில்லை, ஒரு வரிசைக்கு மட்டும் கேட்கிறேன்.

யோசனை பழையது. 2000இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் லினக்ஸைக் கைக்கடிகாரத்துக்குள் ஓட்டிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜப்பானின் சிட்டிசன் கடிகார நிறுவனத்தோடு சேர்ந்து ‘வாட்ச்பேட்’ என்று ஒன்றை அறிவித்தார்கள். 320க்கு 240 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரை, புளூடூத், கைரேகை உணரி என்று அந்தக் காலத்துக்கு அதிகப்படியாகவே எல்லாம் இருந்தது. ஆனால் கடைக்கு வரவில்லை. கடிகாரத்துக்குள் அடங்கும் பேட்டரியையும் கட்டைவிரல் அகலத் திரையையும் வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவு வேலைதான் செய்ய முடியும்?

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். கடிகார ஆய்வில் இருந்த சந்திரா நாராயணசுவாமி, மண்டயம் ரகுநாத் இருவரும் ராமோன் காசெரெஸ், கேசி கார்ட்டர் ஆகியோரோடு சேர்ந்து 2005இல் ‘சோல்பேட்’ என்ற ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். யு.எஸ்.பி.யில் இணையும் சின்ன வன்தட்டு ஒன்று. அதன் அடித்தளத்தில் எந்தக் கணினியையும் தானே அடையாளம் கண்டுகொள்ளும் ஒரு லினக்ஸ், அதன்மேல் ஒரு மெய்நிகர் கணினி, அதற்குள் பயனருடைய சொந்த இயங்குதளம். வேலையைப் பாதியில் நிறுத்தி, வன்தட்டைக் கழற்றி, வேறு ஊரில் வேறு கணினியில் செருகினால் விட்ட வரியிலிருந்து தொடரலாம். கடிகாரத்துக்குள் கணினியை அடைக்கப் பார்த்தவர்களே, கணினி எங்கே வேண்டுமானாலும் கிடக்கட்டும், ஆளோடு போகவேண்டியது இயங்குதளமும் பாதியில் நின்ற வேலையும்தான் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

நம் ஊரில் இதற்குக் கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று பெயர். சாத்தனூரில் இறந்துகிடந்த இடையன் மூலனின் உடலுக்குள் புகுந்து, அழுதுகொண்டு நின்ற மாடுகளை வீட்டுக்கு ஓட்டிப்போன யோகியின் கதை உங்களுக்குத் தெரியும். திரும்பிவந்து பார்த்தால் பத்திரமாக வைத்துவிட்டுப் போன சொந்த உடலைக் காணோம். மாற்றுப் படி வைத்துக்கொள்ளாதவருக்கு நேர்வது அது. பட்டை கட்டும் மாணவரிடம் நீங்கள் முதலில் சொல்லவேண்டியதும் அதுதான்: இதில் இருப்பதற்கு இன்னொரு நகல் எங்கே?

சோல்பேட் வந்த பிறகு லேப்டாப் மலிந்தது, கைப்பேசி பெருத்தது, இந்த யோசனை ஓரம்போனது. லேப்டாப் யாருக்கு மலிந்தது, யாருக்கு மலியவில்லை என்பது வருகைப் பதிவேட்டை நாள்தோறும் பார்க்கும் உங்களுக்குத் தெரியாததில்லை. 2011 முதல் தமிழ்நாடு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது தனிக் கதை. சொந்தக் கணினி இல்லாத மாணவருக்கு லேபில் கிடைக்கும் இரண்டு மணி நேரம்தான் கணினி. அந்த நேரத்திலும் பாதி, போன வாரம் நிறுவியதை மறுபடி நிறுவுவதில் போகிறது. நீங்கள் டீப் ஃப்ரீஸ் போட்டு வைத்திருக்கிறீர்கள். ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரிதான். மாணவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நாள்தோறும் கரும்பலகையை யாரோ அழித்துவிடுகிறார்கள்.

பட்டை என்ன செய்கிறது என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு பழைய டெல் கணினி. மாணவி பட்டையைக் கழற்றி, பிளக்கைத் துப்பட்டா நுனியால் துடைத்து, முன்பக்கத்தில் செருகுகிறார். பவர் பட்டனை அழுத்தியதும் எஃப் 12ஐத் தட்டிக்கொண்டே இருக்கிறார். பூட் மெனுவில் வன்தட்டின் பெயரோடு யு.எஸ்.பி.யும் தெரிகிறது. கீழே இறங்கி என்டர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுகின்றன. இந்தக் கணினியில் எந்த நெட்வொர்க் கார்டு, எந்த டிஸ்ப்ளே என்று கெர்னல் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து அதற்கான டிரைவரை ஏற்றிக்கொள்கிறது. நிறுவாமலே ஓடும் லினக்ஸைப் பலர் கைக்குக் கொண்டுசேர்த்தது, ஜெர்மனியின் கிளாவுஸ் க்னோப்பர் 2000இல் வெளியிட்ட க்னோப்பிக்ஸ். சோல்பேடின் அடித்தளத்தில் இருந்ததும் அதுதான். அன்று சிடியில் வந்தது, இன்று மணிக்கட்டில் வருகிறது. கொஞ்ச நேரத்தில் திரை முழுதாக வந்துவிடுகிறது. வன்தட்டில் உறங்கும் உங்கள் விண்டோஸுக்கு ஒருவர் வந்து உட்கார்ந்ததே தெரியாது.

இந்த இடத்தில் உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கலக்கவேண்டியதுதான்.

முதலில் வைரஸ். பென்டிரைவ் என்றாலே உங்களுக்கு நினைவு வருவது ஷார்ட்கட் வைரஸ். கோப்புகளையெல்லாம் மறைத்து ஷார்ட்கட்டாக்கி, ஒரே நாளில் லேபையே சுற்றிவந்துவிடும். 2008இல் கிளம்பிய கான்ஃபிக்கர் ஆட்டோரன் வழியாகவும் பரவியது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட், ஃபோல்டரைத் திறந்து பார்த்தாலே போதும் என்கிற அளவுக்கு ஒரு ஷார்ட்கட் ஓட்டையைப் பிடித்து நுழைந்தது. இந்த இரண்டுக்கும் பொதுவானது, பென்டிரைவைச் செருகியபோது விண்டோஸ் விழித்திருந்தது. பட்டையிலிருந்து பூட் செய்யும்போது விண்டோஸ் ஓடுவதே இல்லை. ஓடாத விண்டோஸை விண்டோஸ் வைரஸ் எப்படிப் பிடிக்கும்? ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸில் பென்டிரைவைச் செருக விட்டுவிட்டு, அதிலிருந்து பூட் செய்வதற்கு மட்டும் பூட்டுப் போட்டிருக்கும் லேபுகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சன்னலுக்குத் தாழ்ப்பாள் தேடுகிறார்கள்.

ஆனால் உங்களுடைய அடுத்த பயம் முழுக்க நியாயமானது. வெளியிலிருந்து ஒரு இயங்குதளம் பூட் ஆகிவிட்டால், மறைக்குறியாக்கம் செய்யாத வன்தட்டு அதன்முன் திறந்த வீடு. விண்டோஸ் கடவுச்சொல்லை மாற்றலாம், உள்மதிப்பெண் எக்செல் கோப்பை எடுக்கலாம், மொத்தத்தையும் அழித்துவிட்டும் போகலாம். இதற்குப் பெரிய வித்தை எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டு, வன்தட்டைத் தவிர வேறெதிலும் பூட் ஆகாதபடி நீங்கள் வைத்திருப்பது அதனால்தான். மற்ற வரிசைகளில் அது அப்படியே இருக்கட்டும்.

நான் கேட்கும் வரிசையில் வன்தட்டே வேண்டாம். கேபினெட்டைத் திறந்து, வன்தட்டுக்குப் போகும் டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றிவிடுங்கள். வன்தட்டு செத்துப்போன கணினி கையில் இருந்தால் இன்னும் வசதி. பயாஸில் யு.எஸ்.பி.யிலிருந்து மட்டும் பூட் ஆகும்படி வைத்து, கடவுச்சொல்லை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திருட அதற்குள் ஒன்றும் இல்லை, கெடுக்கவும் ஒன்றும் இல்லை. அந்த வரிசைக்குத் தனி சுவிட்ச் போட்டு, இன்டர்நெட் மட்டும் போகும்படி, அலுவலக சர்வரும் அட்மிஷன் கணினிகளும் கண்ணில் படாதபடி விஎல்ஏஎன் பிரித்துவிடுங்கள். பட்டையோடு வருபவர் தன் கணினிக்கு முழு அதிகாரம் உள்ளவர், நெட்வொர்க்கைத் துழாவும் கருவிகளும் அவரிடம் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. இந்தப் பிரிப்பைச் செய்ய முடியாத லேப் இந்த வரிசையைத் தொடங்கவே வேண்டாம். யார், எந்தக் கணினி, எத்தனை மணிக்கு என்று ஒரு நோட்டு. அவ்வளவுதான். ஸ்க்ரூடிரைவர் வேலை அரை நாள், நெட்வொர்க் வேலை ஒரு நாள்.

ஒரு அபாயம் அப்போதும் மிச்சமிருக்கும், மறைக்கமாட்டேன். யு.எஸ்.பி. சாதனத்தின் உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரையே மாற்றி, அதை விசைப்பலகை போல நடிக்க வைக்கலாம் என்று கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் 2014இல் செய்து காட்டினார்கள். பேட் யு.எஸ்.பி. என்று பெயர். அதைத் தடுக்க லேபில் எளிய வழி இல்லை. ஆனால் அந்த அபாயம் விண்டோஸ் வரிசையில் ஒருவர் செருகும் மவுஸிலும் உண்டு.

மாணவருடைய பயத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பட்டை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் விசைப்பலகை உங்களுடையது. விசைப்பலகைக்கும் சிபியூவுக்கும் நடுவில் ஒரு கீலாக்கரை யாராவது செருகி வைத்தால், லினக்ஸ் என்ன, எதுவுமே கண்டுபிடிக்காது. ஒவ்வொரு மாலையும் அந்த வரிசையின் பின்பக்கக் கேபிள்களை ஒருமுறை பாருங்கள். வங்கிக் கணக்கை இங்கே திறக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள்.

எதை ஏற்றுவது என்று மாணவர்கள் உங்களிடம்தான் வந்து கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ரேம் குறைந்த பழைய கணினிகளுக்கு பப்பி லினக்ஸ். ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003இல் தொடங்கியது. தன்னை முழுக்க ரேமில் ஏற்றிக்கொண்டு ஓடும். முதல்முறை அணைக்கும்போது, செய்ததைச் சேமிக்கவா வேண்டாமா என்று கேட்கும். அங்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுநாள் கோப்பைத் தேடுபவர்கள் ஒவ்வொரு லேபிலும் இருப்பார்கள். நான்கு ஜி.பி.க்கு மேல் ரேம் இருந்தால் டெபியன் அல்லது உபுண்டுவை, மாற்றங்கள் தங்கும்படி ஏற்றலாம். இவற்றின் அண்மைப் பதிப்புகள் செக்யூர் பூட்டை அணைக்காமலே பூட் ஆகும். வென்டாய் போட்டால் ஒரே பட்டையில் பல இயங்குதளங்களை வைக்கலாம், ஆனால் செக்யூர் பூட் உள்ள கணினியில் முதல்முறை அதன் சாவியைப் பதிவுசெய்ய வேண்டிவரும்.

டெய்ல்ஸ் என்ற பெயரும் உங்கள் காதில் விழும். அது வேறு காரியத்துக்கானது. தகவல் போக்குவரத்தையெல்லாம் டார் வழியாக அனுப்பும். பட்டையைச் சட்டென்று பிடுங்கினால் ரேமைத் துடைத்துவிட்டு அணைந்துவிடும். எட்வர்டு ஸ்னோடன் விவகாரத்தில் பேர்பெற்றது. பத்திரிகையாளருக்கு அது தேவை, டேட்டா ஸ்ட்ரக்சர் லேபுக்குத் தேவையில்லை. மைக்ரோசாஃப்டும் விண்டோஸ் டு கோ என்று இப்படி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தது. தெரியாமல் பிடுங்கிவிட்டால் திரை உறைந்து நிற்கும், 60 விநாடிக்குள் திரும்பச் செருகினால் தொடரும். நல்ல ஏற்பாடு. 2020இல் அதை எடுத்துவிட்டார்கள்.

மாணவர்களுக்கு லினக்ஸ் வராது என்பீர்கள். பக்கத்து மாநிலமான கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் கணினிப் பாடம் படிக்கிறார்கள். பாடத்திட்டம் ஒத்துவராது என்பீர்கள். சி, பைத்தான், ஜாவா, மைஎஸ்க்யூஎல் எல்லாமே இதில் ஓடும். சில லேபுகளில் இன்னும் டர்போ சி++ நீலத்திரையில்தான் பிராக்டிகல் நடக்கிறது, அதையும் டாஸ்பாக்ஸ் வைத்து இதில் ஓட்டலாம். ஓட்டவேண்டுமா என்பதை உங்கள் ஹெச்.ஓ.டி.யிடம்தான் கேட்க வேண்டும்.

இது கணினித் துறைப் பிள்ளைகளுக்கு மட்டுமான வசதி என்று நினைத்துவிடாதீர்கள். எம்.ஏ. தமிழ் படிக்கும் ஒருவர் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்ய லேபுக்கு வருகிறார். விசைப்பலகையில் தமிழ்99 இல்லை. சேர்க்க அட்மின் கடவுச்சொல் வேண்டும். அதற்கு உங்களைத் தேட வேண்டும், நீங்களோ தேர்வுப் பணியில் இருக்கிறீர்கள். கடைசியில் கைப்பேசியில் தட்டி, தனக்கே மின்னஞ்சல் அனுப்பி, லேபில் வெட்டி ஒட்டுகிறார். பட்டையில் தமிழ்99ஐயும் வேண்டிய எழுத்துருக்களையும் ஒருமுறை அமைத்து வைத்தால் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் அவருக்கு அவருடைய விசைப்பலகை கிடைக்கும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பட்டையை ஏன் கட்டவேண்டும், பையில் போட்டால் என்ன? போடலாம். ஆனால் கழற்றி வைத்த கை வெறுமையாக இருக்கும்போது மறதி குறையும். உங்கள் இழுப்பறையும் கொஞ்சம் காலியாகும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். இலவசமாக வரும் பட்டைகளில் பல, யு.எஸ்.பி. 2.0 வேகத்தில் ஊர்பவை. அவற்றிலிருந்து உபுண்டுவை ஓட்டினால் மாணவர் லினக்ஸையே வெறுத்துவிடுவார். உலோக உறை இல்லாத தட்டைப் பிளக் உள்ளவற்றைத் தலைகீழாகவும் செருகிவிடலாம், செருகினால் எதுவும் தெரியாது, பட்டை செத்துவிட்டது என்று நினைப்பார்கள். வியர்வையும் மழையும் தொடுமுனைகளை அரிக்கும். ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதும் தடவைகளுக்கும் ஒரு வரம்பு உண்டு. ஆகவே 32 ஜி.பி., யு.எஸ்.பி. 3, வேலைக் கோப்புகள் இருக்கும் பகுதிக்கு மறைக்குறியாக்கம், வாரம் ஒருமுறை நகல். பேருந்தில் பட்டை அறுந்து விழுந்தால் எடுப்பவருக்கு ரப்பர் மட்டும்தான் கிடைக்க வேண்டும்.

கடைசியாக உங்கள் டெட் ஸ்டாக் ரிஜிஸ்டர். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசசர் வேண்டும். அந்த வரம்புக்குக் கீழே உங்கள் லேபில் ஒரு வரிசையாவது இருக்கும். பிராசசர் ஓடுகிறது, மானிட்டர் தெரிகிறது, ரேம் நன்றாக இருக்கிறது. ஆனாலும் கழிவு என்று எழுதி, ஏலக் குழு கையெழுத்துக்குக் காத்திருக்கின்றன. நான் கேட்கும் வரிசைக்கு அவையே போதும். புதிதாக ஒரு ரூபாய்க்கு பர்ச்சேஸ் ஆர்டர் போட வேண்டாம்.

அந்தப் பட்டியல் முதல்வர் அறைக்குப் போவதற்கு முன் அதிலிருந்து ஐந்து கணினிகளை அடித்துவிடுங்கள். வன்தட்டைக் கழற்றி, தனி சுவிட்ச் போட்டு, வரும் பருவத்தில் ஒரு வரிசையாக வையுங்கள். கதவில் ஒட்டியிருக்கும் நோட்டீஸில் ‘கடைசி வரிசை தவிர’ என்று ஒரு வரி சேருங்கள். ஒரு பருவம் பாருங்கள். சரிவரவில்லை என்றால் ஏலத்துக்கு அனுப்ப அடுத்த ஆண்டும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் லேபில் உட்கார்ந்து படித்த ஒருவன்